கழுவிய வலைக்கு மட்டும்

கம்பி மூன்று மில்லிமீற்றர்.
கண் இருபத்தைந்து.
நூறு பங்கு முகத்தில் எண்பது பங்கு வெளி.
வெள்ளவத்தைக் கால்வாய்
செக்கனுக்கு அறுபது சென்ரிமீற்றர் நடக்கும் நாளில்
இந்த வலையைத் தாண்ட
நீர் கொடுக்கவேண்டிய விலை
ஆறு மில்லிமீற்றர் உயரம்.
பென்சிலின் தடிப்புக்கூட இல்லை.

வெலிகல பிளேன்ரீயை ஊதியபடி சிரித்தார்.
‘ஆறு மில்லிமீற்றருக்கா மிஸ்
இவ்வளவு தாள்?’

பாதிக் கண் அடைபட்டால் என்று
அடுத்த வரியைப் போட்டேன்.
இரண்டு மடங்கு என்றது மனம்.
மனம் எப்போதும் பெருக்கலில் மோசம்.
ஒன்பது மடங்கு.
ஐந்தரைச் சென்ரிமீற்றர்.
மிஞ்சிய பாதியிலும் பாதி அடைபட்டால்
முப்பத்தொன்று:
பள்ளிக்கூடப் பையிலுள்ள அடிமட்டத்தைவிட
ஒரு விரற்கணு கூட.
திறந்த பரப்பு
பின்னத்தின் அடியில் குந்தியிருக்கிறது.
அங்கே ஒன்று சுருங்கினால்
மேலே இருப்பது சும்மா இருக்காது.

போன கிழமை மழை விட்ட காலை
அளவுகோல் இரண்டையும் வாசித்தேன்.
வலைக்கு இப்பால் ஒரு மட்டம், அப்பால் ஒரு மட்டம்.
நடுவில் முப்பத்தொன்று, அச்சொட்டாக.
சூத்திரம் சரிவந்த சந்தோசம்
அரை நிமிடம் இருந்தது.
பிறகு லீலாரத்ன வாரியால் இழுத்துப் போட்டார்:
சல்வீனியா, சல்வீனியா,
சோறு ஒட்டிய லஞ்ச் ஷீற்,
சோடி சேராத பதினொரு செருப்பு,
வெசாக் கூட்டின் மூங்கில் எலும்பு,
ஒரு தண்ணீர்ப் போத்தல். மூடியில்
‘ஷைமா, தரம் 3’.
அதை மட்டும் துடைத்து
மதிலில் நிமிர்த்தி வைத்தார்.

கண்ணைப் பன்னிரண்டாக்கச் சொல்கிறது
கடற்கரை ஹோட்டல்காரர் சங்கம்.
ஆக்கலாம்.
ஒரு போத்தல் மூடிகூடக் கடலைத் தொடாது.
வலை எதைப் பிடிக்கிறது என்பதைக்
கீழ்ப்பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கிறார்கள்.
வலை எதைத் தடுக்கிறது என்பது
மேல்பக்கத்தில் தெரியும்,
கிருலப்பனைப் பலகை வீட்டில்
நஸீஹா கரித்துண்டால் இழுத்த கோடுகளில்.
அன்றிரவு அவள்
பிரிட்ஜைச் செங்கல்லில் ஏற்றி
பிள்ளைகளை மேசையில் படுக்கவைத்திருந்தாள்.
என் முப்பத்தொன்று
அவளது மூன்றாவது கோடு.

இந்த நகரத்தில் வேறு வலைகளும் இருந்தன.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்குவார்கள்.
அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி
அப்பா வரிசையில் போவார்.
இறங்கிய அத்தனை பேரும் அன்று
திரும்பவும் ஏறினார்கள். நான் எண்ணினேன்,
நாற்பத்திரண்டு.
உள்ளே போன அளவே வெளியே வரும்,
பாயும் எதற்கும் அதுதான் விதி.
ஆனால் பம்பலப்பிட்டி வரும்வரை
பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை.
அந்த வலையின் குணகம்
எந்தக் கைந்நூலிலும் இல்லை.

இப்போது அறிக்கை என் முன்னால்.
கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
விலைமனுவோடு வந்த தாளில்
ஆறு மில்லிமீற்றர் மட்டும் அச்சடித்திருக்கிறது.
அதன் கீழே பேனாவால் எழுதுகிறேன்:
‘இது கழுவிய வலைக்கு மட்டும்.’
அடுத்த வரியில் ஐந்தரை.
அடுத்ததில் முப்பத்தொன்று.
கண் பன்னிரண்டானால் இவை
எவ்வளவு விரைவில் வரும் என்ற கேள்விக்கு
ஒரு வெற்றுக் கட்டம்.

வெலிகல குனிந்து வாசிக்கிறார்.
இம்முறை சிரிக்கவில்லை.
‘சரி மிஸ், ராத்திரி இரண்டு மணிக்கு
இதை ஆர் கழுவுவது?’

அதற்கும் ஒரு நிரல் கீறுகிறேன்.

ஜன்னல் கம்பியில் முதல் துளிகள்.
லீலாரத்னவின் வேலைநேரம்
ஐந்து மணியோடு முடிகிறது.